ஸ்பானிய மொழியிற் பெயரடைகள்

அயல்மொழியொன்றைப் பயிலப் புகுவோர் முதற்கண் கற்பன பெயர்ச்சொற்களே. நூல், வீடு, மேசை, நீர் என்றிவற்றிற்குரிய சொற்களை மனனஞ் செய்த அளவில் மொழியே கைவந்துவிட்டது போன்றதொரு மகிழ்ச்சி தோன்றும். 'வெள்ளை மேசை' என்று சொல்ல முற்படுங்காறுமே அம்மகிழ்ச்சி நிலைப்பது. ஸ்பானியம் பயிலத் தொடங்கிய யாமும் அவ்விடத்தேதான் இடர்ப்பட்டோம். 'மேசா' என்பது மேசை. (நம் மேசை போர்த்துக்கேசியர் வழி வந்தமையின் இரண்டும் உடன்பிறப்புக்களே.) 'பிளாங்கோ' என்பது வெள்ளை என அகராதி கூறிற்று. இரண்டையுந் தமிழ் முறைப்படி கூட்டிப் 'பிளாங்கோ மேசா' என்றெழுதினோம். இரு சொல்லில் இரு பிழை! 'மேசா பிளாங்கா' என்பதே வழக்கு. பெயரடை பெயருக்குப் பின் நின்றது. அன்றியும் அதன் ஈறு திரிந்தது.

நம்மொழியில் 'நல்ல' என்னுஞ் சொல் எப்பெயரோடு கூடினும் வேறுபடாது. நல்ல மகன், நல்ல மகள், நல்ல மக்கள் என்கிறோம். ஸ்பானியத்திலோ ஆண்பால் ஒருமைக்குப் 'புவேனோ', பெண்பால் ஒருமைக்குப் 'புவேனா', அவற்றின் பன்மைக்குப் 'புவேனோஸ்', 'புவேனாஸ்' என நான்கு வடிவங்கள் உள. இவற்றைக் கண்டு மலைத்து ஏட்டை மூடிவைக்கவும் எண்ணினோம். அவ்வேளையிலேதான், நன்னூல் பயின்றபோது கற்ற குறிப்பு வினைமுற்று நினைவிற்கு வந்தது. நல்லன், நல்லள், நல்லர், நல்லது, நல்லன எனப் பண்புச்சொல்லே பாலும் எண்ணுங் காட்டி நிற்றல் நமக்குப் புதிதன்றே! நாம் பயனிலையிற் செய்வதை ஸ்பானியர் பெயரடையிலுஞ் செய்கின்றனர்; வேற்றுமை அவ்வளவே.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. நாம் அஃறிணை என்று ஒதுக்கும் பொருள்களும் அம்மொழியில் ஆணாகவோ பெண்ணாகவோ எண்ணப்படும். மேசை பெண், நூல் ஆண். இதற்குக் காரணந் தேடுதல் வீண். 'லா மேசா', 'எல் லிப்ரோ' எனப் பால் காட்டும் முன்னொட்டுச் சொல்லோடு சேர்த்தே மனனஞ் செய்தல் வேண்டும். 'மேசா' என்று மட்டுங் கற்றவன் பாதி கற்றவனே.

யாம் கண்ட சிறந்த பாடநூல் தேசப்படமாகும். 1492-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் கொலம்பஸ் ஸ்பெயினினின்று கலமேறினார். நெப்ரிஹா என்னும் அறிஞர் இயற்றிய காஸ்திலிய மொழியிலக்கணம் அதே மாதத்திற் சாலமாங்கா நகரில் வெளிவந்தது. அதன்பின் அமெரிக்கக் கண்டமெங்கும் ஸ்பானியப் பெயர்கள் விதைக்கப்பட்டன. 'கோஸ்தா ரிக்கா' என்னும் நாட்டையும் 'புவேர்த்தோ ரிக்கோ' என்னுந் தீவையும் நோக்குக. செல்வமிக்க கரை, செல்வமிக்க துறைமுகம் என்பன அவற்றின் பொருள். அடைமொழி ஒன்றே, கரை பெண்பாலாதலின் 'ரிக்கா' ஆயிற்று, துறைமுகம் ஆண்பாலாதலின் 'ரிக்கோ' ஆயிற்று. இவ்விரு பெயரையும் அறிந்தவர்க்கு முதல்விதி மறவாது.

எல்லாப் பெயரடைகளும் பாலுக்கேற்பத் திரிவனவல்ல. மெக்ஸிகோவின் எல்லையில் ஓடும் 'ரியோ கிராந்தே' பெரிய ஆறு. அரிஸோனாவிலுள்ள 'காஸா கிராந்தே' பெரிய வீடு. ஆறு ஆண், வீடு பெண், 'கிராந்தே' மாறவில்லை. ஏகாரத்தில் முடிவனவும், 'அசுல்' (நீலம்) போல மெய்யில் முடிவன பலவும் இத்தகையன. எண்ணுக்கு மட்டும் இவை திரியும்: 'கிராந்தேஸ்', 'அசுலெஸ்'.

ஈற்றை நோக்கிப் பாலைத் துணிவதும் ஆபத்தே. 'தியா' (பகல்) ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால். ஆதலாற் காலையிற் 'புவேனோஸ் தியாஸ்' என்று வாழ்த்துவோர், மாலையிற் 'புவேனாஸ் தார்தெஸ்' எனவும், இரவிற் 'புவேனாஸ் நோச்செஸ்' எனவும் மாற்றுவர். இலக்கணமறியாச் சிறுவரும் இதிற் பிழைசெய்யார்.

இனி, பெயரடை பின் நிற்குமென்றோம். முன் நிற்பதும் உண்டு. நின்றவிடம் மாறின், சிலவற்றிற்குப் பொருளே மாறும். 'அமிகோ வியேஹோ' வயது முதிர்ந்த நண்பர்; 'வியேஹோ அமிகோ' நெடுநாட் பழகிய நண்பர், அவர் இருபது வயதினராகவும் இருக்கலாம். 'ஓம்ப்ரே போப்ரே' பொருளற்ற மனிதன். 'போப்ரே ஓம்ப்ரே' இரங்கத்தக்க மனிதன். 'கிராந்தே' முன் நிற்கையில் 'கிரான்' எனக் குறுகும். 'ஓம்ப்ரே கிராந்தே' உடலாற் பெரியவன், 'கிரான் ஓம்ப்ரே' பெருமையாற் பெரியவன்.

எம்மை நாணச்செய்த பிழையொன்றையும் மறையாது கூறுகின்றோம். 'இருக்கிறேன்' என்பதற்கு அம்மொழியில் இரு சொற்கள் உள: இயல்பைக் கூறச் 'சோய்', அப்போதைய நிலையைக் கூற 'எஸ்தோய்'. அயல்நாட்டு நண்பரொருவர்க்கு 'யாம் ஆயத்தமாயிருக்கின்றோம்' என்றெழுத விரும்பிச் 'சோய் லிஸ்தோ' என்றெழுதிவிட்டோம். 'யான் கூர்மதியுடையேன்' என்பது அதன் பொருள்! 'எஸ்தோய் லிஸ்தோ' என்றிருத்தல் வேண்டும். எழுதுபவர் பெண்ணாயின் 'லிஸ்தா'. எம் கூர்மதியை வியந்து நண்பர் விடை விடுத்தார்.

பயில விரும்பும் மாணவர் மீண்டுந் தேசப்படத்தை விரித்து, 'சாந்தா ஃபே', 'சாந்தோ தொமிங்கோ', 'சான் ஹுவான்' என்பவற்றைக் காண்பாராக. மூன்றிலும் புனிதங் குறித்த பெயரடை ஒன்றே. 'ஃபே' (நம்பிக்கை) பெண்பாலாதலிற் 'சாந்தா'. ஆண் புனிதர் பெயர்முன் அது 'சான்' எனக் குறுகும். 'தோ', 'தொ' என்று தொடங்கும் பெயர்முன் மட்டுங் குறுகாது.