யூராலஜி கிளினிக்குக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வார்டு வேலையை விட்டுவிட்டு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஸ்பெஷலிஸ்ட் நர்ஸாகச் சேரப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கிலாந்தில் ஓய்வு பெறும்வரை அந்த வேலையைத்தான் நானும் பார்த்தேன். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எண், கிளீசன் மதிப்பெண், ஹார்மோன் ஊசி எல்லாவற்றையும் உனக்குச் சொல்லித்தர அங்கே ஆள் உண்டு. நோயாளிகளே நடத்தும் அமைப்புகளோடு எப்படிப் பழகுவது என்று மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதற்காகவே இந்தக் கடிதம்.

பெரும்பாலான கிளினிக்குகளில் நடப்பது இதுதான். நோய் இன்னதென்று சொல்லியாயிற்று, சிகிச்சை முடிவாயிற்று, தேதியும் குறித்தாயிற்று. எழுந்து போகிறவர் கையில் கடைசியாக ஆதரவுக் குழுவின் துண்டறிக்கை ஒன்றைத் திணிப்போம். ஆறுதலுக்கு ஓர் இடம் என்ற நினைப்பு. நீ அப்படிச் செய்யாதே. முடிவெடுக்கும் முன்பே அவரை அங்கே அனுப்பு.

காரணம் இந்த நோயின் தன்மையில் இருக்கிறது. புரோடெக்ட் ஆய்வைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துத் தொடர்ந்து கவனித்தார்கள். 2023இல் வந்த பதினைந்தாண்டு முடிவின்படி, எந்தப் பிரிவில் இருந்தாலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர்தான். வேகமாகப் பரவும் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை மறக்காதே. ஆனால் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டியோடு உன் எதிரே உட்காரும் பலருக்கும், எதைத் தேர்ந்தாலும் ஆயுளில் பெரிய மாற்றம் இராது. சிறுநீர் கட்டுப்படுமா, தாம்பத்தியம் என்னாகும், குடல் தொந்தரவு வருமா, கட்டியை உள்ளே வைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதில்தான் வித்தியாசம். இதற்கெல்லாம் மருத்துவரிடம் சதவீதக் கணக்கு இருக்கும். அப்படி ஒரு வருடம் வாழ்ந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

அந்த ஆளை எங்கே தேடுவது? பிரிட்டன் முழுக்க ஊர்க் குழுக்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றிணைக்கும் கூட்டமைப்பு டேக்கிள் புராஸ்டேட் கேன்சர். புராஸ்டேட் கேன்சர் யுகே என்ற பெரிய அறக்கட்டளையின் தொலைபேசிச் சேவையில் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸுகளே பேசுவார்கள். அதே சிகிச்சையை எடுத்துக்கொண்ட ஒரு தன்னார்வலரோடு தனியாகப் பேசவும் ஏற்பாடு செய்து தருவார்கள். இந்தக் கடைசி வசதியைக் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குச் சொல். கூட்டமென்றால் ஓடுகிறவர்கள்கூட போனில் மனம் விட்டுப் பேசுவார்கள்.

இந்தக் கூட்டமைப்புகள் வெறும் தோள் கொடுக்கும் இடங்கள் என்று நினைத்தால், அவற்றின் பாதி வேலை உன் கண்ணில் படாது. ஐரோப்பிய நாடுகளின் நோயாளி அமைப்புகளை இணைக்கும் யூரோப்பா ஊமோ 2019இல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. கேட்டவர்களும் நோயாளிகள், பதில் சொன்னவர்களும் நோயாளிகள். மருத்துவர் எதிரில் இல்லை. 24 நாடுகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட 3,000 ஆண்கள் வீட்டிலிருந்தபடி பதில் எழுதினார்கள். பாலுறவு தங்களுக்குப் பெரிய அல்லது நடுத்தரப் பிரச்சினை என்றவர்கள் சரிபாதி. கணினி முன் உட்கார்ந்து பதில் எழுத முன்வருகிறவர்கள் எல்லா நோயாளிகளுக்கும் பிரதிநிதி ஆகிவிட மாட்டார்கள் என்பது உண்மைதான். அப்படியே வைத்துக்கொண்டாலும், நம் கிளினிக் குறிப்பேட்டில் ‘நலமாக இருக்கிறார்’ என்று எழுதப்பட்ட எத்தனை பேர் அந்தப் பாதியில் இருந்திருப்பார்கள்? ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டால் இந்த ஊர் ஆண்கள் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார்கள். நம் ஊர் ஆண்களும் அப்படித்தான்.

குப்பைத்தொட்டி விஷயம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேலே, சிறுநீர் கசியும் என்பதால் பேடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெண்கள் கழிப்பறைக்குள் அதைப் போடத் தொட்டி இருக்கும். ஆண்கள் கழிப்பறைக்குள் பெரும்பாலும் இருக்காது. நனைந்த பேடைப் பையில் சுருட்டி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வரை சுமந்து வருவார்கள். கொஞ்ச நாளில் வெளியே போவதையே நிறுத்திவிடுவார்கள். ‘நண்பர்களோடு கால்பந்து பார்க்கப் போவதில்லை’ என்று ஒருவர் சொன்னால் நாம் மனச்சோர்வு என்று எழுதுவோம். நான் பார்த்த எந்த ஆய்வுப் படிவத்திலும் தொட்டியைப் பற்றிய கேள்வி இருந்ததில்லை. ஒருவருக்கொருவர் பேசிக்கொண்ட ஆண்கள்தான் அதை வெளியே கொண்டுவந்தார்கள். ‘பாய்ஸ் நீட் பின்ஸ்’ என்ற பெயரில் புராஸ்டேட் கேன்சர் யுகே அதை ஒரு பிரசாரமாகவே நடத்தியது. உன் கிளினிக்கை ஒட்டிய ஆண்கள் கழிப்பறையில் தொட்டி இருக்கிறதா என்று முதல் வாரமே பார்.

அடுத்தது மருந்து. அபிராடெரோன், முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்காக லண்டனில் உருவான மருந்து. ஒரு மாதத்துக்கு 2,930 பவுண்டு விலை வைத்தார்கள். 2012 பிப்ரவரியில், அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். எந்த மருந்தை வாங்கலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு, இந்த விலைக்கு வாங்குவது தகாது என்று வரைவில் மறுத்தது. நோயாளி அமைப்புகள் கொதித்தெழுந்தன, கம்பெனியும் விலையைக் குறைத்தது. சில மாதங்களில் நைஸ் முடிவை மாற்றிக்கொண்டது. இது எல்லோரும் சொல்லும் கதை. நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதன் இரண்டாம் பாகம். நோய் பரவாத, ஆனால் பரவும் ஆபத்து மிகுந்த ஆண்களுக்கு இதே மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பலர் பிழைக்கிறார்கள் என்று ஸ்டாம்பீட் ஆய்வு காட்டியது. ஆறு ஆண்டு கழித்து உயிரோடிருப்பவர்கள் 77 சதவீதத்திலிருந்து 86 ஆக உயர்ந்தார்கள். அதற்குள் காப்புரிமை முடிந்து மருந்தின் விலையும் விழுந்துவிட்டது. விலை விழுந்தால் மருந்து எளிதில் கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. புதிய பயன்பாட்டுக்கு உரிமம் கேட்டு அலைய எந்தக் கம்பெனிக்கும் இனி லாபமில்லை. விண்ணப்பிக்க ஆளில்லாததால், நைஸின் வழக்கமான பாதையில் அது நுழையவே இல்லை. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் 2023இல் கொடுக்கத் தொடங்கின. எல்லைக்கு இந்தப் பக்கம், இங்கிலாந்தில் அதே நோய் உள்ளவர்கள் காத்துக் கிடந்தார்கள், அல்லது கைக்காசு போட்டு வாங்கினார்கள். கம்பெனி கைவிட்ட மருந்துக்கு வாதாட மிச்சமிருந்தவர்கள் அதைச் சாப்பிட வேண்டியவர்களும், அவர்களோடு நின்ற சில மருத்துவர்களும், அறக்கட்டளைகளும்தான். இது அரசியல், நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிடாதே. உன் நோயாளிக்கு என்ன மாத்திரை எழுதலாம் என்பது அங்கேதான் முடிவாகிறது.

எல்லாவற்றிலும் நோயாளி அமைப்புகள் சொல்வதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. அறிகுறி இல்லாதவர்களையும் சோதிக்கும் ஸ்கிரீனிங் விஷயத்தில் நீ தடுமாறுவாய். ஸர் கிறிஸ் ஹாய், ஒலிம்பிக் சைக்கிள் வீரர், தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இருந்த நோய் தனக்கும் நான்காம் கட்டத்தில் வந்ததை 2024இல் வெளியே சொன்னார். அதன்பின் ‘எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும்’ என்ற குரல் பெரிதானது. கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் நோய் கண்டறியப்படுபவர்களில் எட்டில் ஒருவருக்கு அது முற்றிய பிறகு தெரிகிறதென்றால், ஸ்காட்லாந்தில் மூன்றில் ஒருவருக்கு. கறுப்பின ஆண்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. மொத்த ஆண்களைப் பார்த்தால் எட்டில் ஒருவருக்கு. ஆனாலும் 2025 நவம்பரில் அரசின் ஸ்கிரீனிங் குழு, பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டுமே ஸ்கிரீனிங்கை வரைவில் பரிந்துரைத்தது. எல்லோரையும் சோதித்தால் தேவையில்லாத சிகிச்சையில் பலர் சிக்குவார்கள் என்பது அவர்கள் வாதம். பேடு சுமந்து திரிந்தவர்களைப் பார்த்த எனக்கு அந்த வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை. புராஸ்டேட் கேன்சர் யுகே அமைப்பினர் கூச்சல் போட்டதோடு நிற்காமல், இந்தக் கேள்விக்கு விடை தேடும் டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வுக்கு 4.2 கோடி பவுண்டு திரட்ட முன்னின்றார்களே, அந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. மேடையில் அவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். ரத்தம் எடுக்கும் முன் உன்னிடம் கேட்கிறவருக்கு இரண்டு பக்கத்தையும் சொல்.

நல்ல அமைப்பு ஆளுக்கேற்ற வாசலைத் தேடும். லண்டன் ஹாக்னியில் கராஜ் வைத்திருந்த எரால் மெக்கெல்லர் தனக்கு நோய் வந்து மீண்டதும், பரிசோதனை செய்துகொள்ளும் வாடிக்கையாளருக்குக் கார் பழுதுபார்க்கும் கூலியில் 20 சதவீதம் தள்ளுபடி என்றார். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஆண்கள் மெக்கானிக் பேச்சைக் கேட்டார்கள். மான்செஸ்டரில் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென்றே ஒரு குழு உண்டு. மனைவிமார் நிறைந்த கூட்டத்தில் அவர்கள் வாய் திறக்க முடியாதல்லவா? ஹாரோவிலிருந்தோ ஈஸ்ட்ஹாமிலிருந்தோ ஒரு தமிழ்ப் பெரியவர் மகனைத் துணைக்கு அழைத்து வந்தால், மகனையே மொழிபெயர்ப்பாளராக்காதே. ‘விறைப்பு இருக்காது’ என்பதை எந்த மகன் அப்பாவிடம் சொல்வான்? ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கு. முடிந்தால், இதே வழியில் போய்வந்த இன்னொரு தமிழரோடு, அவர் சம்மதத்தோடு, பேச வை.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேள். மருந்துக் கம்பெனிகள் நோயாளி அமைப்புகளுக்குக் கொடுத்ததை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று இங்கே அவர்கள் தொழில் விதியே சொல்கிறது. வாங்கினார்கள் என்பதற்காக அமைப்பைத் தள்ளிவைக்காதே. வாங்கிய கம்பெனியின் மருந்தை மட்டும் அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் விழித்துக்கொள்.

ஊர்க் குழு உன்னைப் பேசக் கூப்பிடும். கட்டாயம் போ. பத்து நிமிடம் பேசு, ஸ்லைடு வேண்டாம், கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல். டீ வந்ததும் கிளம்பிவிடு. நர்ஸ் பக்கத்தில் இருக்கிறவரை அவர்கள் உன்னிடம்தான் பேசுவார்கள், ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். அடுத்த நாள் காலையில் குழுத் தலைவருக்கு ஒரு போன் போட்டு, நீ போனபின் என்னென்ன கேள்வி வந்தது என்று விசாரி.

அன்புடன்,
உன் அக்கா