மருந்தால் முடி உதிர்ந்தவர்களும் நமது கடமையும்

மதீனாவில் அன்ஸாரிகளைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்குத் திருமணமாயிற்று. பின்னர் அவள் நோயுற்றாள், தலைமுடி உதிர்ந்துவிட்டது. வீட்டார் பிறர் முடியை அவளுக்கு இணைக்க விரும்பி, நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டனர். முடியுடன் முடியை இணைப்பதை நபியவர்கள் வன்மையாகக் கண்டித்துத் தடுத்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாக இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

இந்த ஹதீஸிலிருந்து சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். அதில் வேறொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. நோயால் முடி உதிர்வதும், அதனால் ஒரு பெண்ணும் அவள் குடும்பமும் கலங்கி நிற்பதும் அன்றே இருந்தன. அந்தக் கலக்கத்தை வெளியில் சொல்லி விளக்கம் கேட்பதை அவர்கள் வெட்கமாக எண்ணவில்லை. இன்று தஞ்சைத் தரணியில் புற்றுநோய்க்குக் கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொண்டு முடியிழந்த சகோதர சகோதரிகள், வேலைக்கும் கடைத்தெருவுக்கும் கல்யாண வீட்டுக்கும் எப்படிப் போவது என்று தயங்கி வீட்டுக்குள் முடங்குகிறார்கள். அவர்களுக்கு மார்க்கம் தரும் வழி என்ன, மற்றவர்கள் மீதுள்ள கடமை என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

முடி ஏன் உதிர்கிறது?

வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதே இம்மருந்துகளில் பலவற்றின் வேலை. புற்றணுக்கள் வேகமாகப் பெருகுபவை. முடியின் வேரிலுள்ள அணுக்களும் அத்தகையவையே. ஆகவே மருந்து இரண்டையும் தாக்கிவிடுகிறது. பெரும்பாலும் முதல் தவணை ஏறிய 2 அல்லது 3 வாரங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கும். புருவம், இமைமுடி, தாடி ஆகியவையும் உதிரக்கூடும். எல்லா மருந்துகளாலும் இப்படி ஆவதில்லை. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பூனைமுடிபோல் அரும்பி, பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதங்களில் தலையை மூடுமளவு வளர்ந்துவிடும். முன்பு நேராக இருந்த முடி இப்போது சுருளாக வளர்வதும் உண்டு.

இந்நோய் ஒட்டுவாரொட்டி அன்று. பாவத்தின் அடையாளமும் அன்று. நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1954ஆம் ஆண்டு சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 70 ஆண்டுகள் கடந்த பின்னும் நம் வீடுகளில் இந்நோயின் பெயரைக் காதோடு காதாகத்தான் சொல்கிறோம். முடியிழந்தவர் வெளியே வர அஞ்சுவதற்கு இந்த இரகசியப் பேச்சே பாதிக் காரணம்.

சட்டம் தரும் இடம்

முடி உதிரும்போது தலையை மழித்துவிடலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள். காரணமின்றிப் பெண் தலையை மழிக்கலாகாது. நோய் தகுந்த காரணமாகும். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபியாவில், இஹ்ராமில் இருந்த கஃபு இப்னு உஜ்ரா (ரலி) அவர்கள் தலையில் பேன் மொய்த்துத் துன்புற்றார்கள். இஹ்ராமில் தடுக்கப்பட்டிருந்தும் தலையை மழிக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அல்பகரா 196ஆம் வசனம் இது தொடர்பானதே. மூன்று நாள் நோன்பு, ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆட்டைக் குர்பானி கொடுத்தல் என்பது பரிகாரம். துன்பத்தைத் தாங்கிக்கொண்டே இருக்குமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்படவில்லை என்பது இதில் நமக்குப் பாடம்.

அடுத்தது டோப்பா. மனித முடியால் ஆன டோப்பாவும் சவுரியும் கூடா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. கம்பளி, நூல் போன்றவற்றால் ஆனதை ஹனஃபி மத்ஹபு அனுமதிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் சில நிபந்தனைகள் உண்டு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்குச் செய்து பொருத்திக்கொள்ள நபியவர்கள் அனுமதித்ததை எடுத்துக்காட்டி, நோயால் வந்த குறையை மறைப்பது அலங்காரத்திற்காக அணிவதைப் போன்றதன்று என்று இக்கால ஆலிம்கள் சிலர் கூறுகின்றனர். செயற்கை இழையால் ஆன டோப்பாவை விரும்புவோர் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

வுளூவில் டோப்பாவின் மேல் தடவினால் மஸ்ஹு நிறைவேறாது. கையை உள்ளே விட்டுத் தலைத்தோலில் தடவ வேண்டும். ஹனஃபிகள் தலையின் கால் பாகமும், ஷாஃபிஈகள் தலையின் ஏதேனும் ஒரு பகுதியும் தடவினால் ஃபர்ளு நிறைவேறும். கடமையான குளிப்பில் டோப்பாவைக் கழற்றிவிட வேண்டும். இரத்த வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாட்களில் கூட்டத்தைத் தவிர்க்கும்படி மருத்துவர் சொன்னால், ஆண்கள் ஜும்ஆவுக்கு வராதிருக்க அது போதிய காரணமாகும்.

தொழிலிடத்தில்

வயலில் நடவு நடும் பெண்கள் தலையில் துண்டு கட்டுவது நம் பகுதியில் வழக்கம். அங்கே முடியில்லாத தலை தனித்துத் தெரியாது. ஆனால் மருந்து ஏறும் காலத்தில் சேற்றில் இறங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறு கீறலும் சீழ் பிடிக்கலாம். வெறுந்தலை வெயிலில் எளிதில் புண்படும். மெல்லிய பருத்தித் துணியே உகந்தது. வழுக்கும் நைலான் துணி வேண்டாம்.

பள்ளிக்கூடத்திலும் கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்வோர், முதல் நாளே ஒரு வாக்கியம் சொல்லிவிடுவது நலம்: “மருந்தால் முடி உதிர்ந்தது, மறுபடி வளரும்.” அதற்கு மேல் விளக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. கல்லாவில் இருந்தவரைக் கேட்காமல் பின்கட்டுக் கிடங்குக்கு மாற்றுவது இரக்கமாகாது. எங்கே இருக்க விருப்பம் என்று அவரையே கேளுங்கள். தொப்பியோ துணியோ அணிந்து வேலை செய்ய விடுங்கள்.

நமது கடமை

தெருவில் முக்காடு நம் சகோதரியைக் காக்கிறது. சோதனை வருவது கல்யாண வீட்டின் உள்ளறையில்தான். அங்கே எல்லோரும் முக்காட்டைத் தளர்த்தியிருக்க, அவர் ஒருவர் மட்டும் இறுகப் போர்த்தி அமர்ந்திருப்பார். “ஏம்மா, எடுத்தா என்ன?” என்று கேட்கும் ஒரு குரல் போதும், அடுத்த விசேஷத்துக்கு அவர் வரமாட்டார். ஆண்களுக்குத் தொப்பி உண்டு, ஆனால் தாடி உதிர்ந்தவரைப் பார்த்து, “ஏன் மழித்துவிட்டீர்?” என்று பள்ளிவாசலிலேயே கேட்டுவிடுகிறோம். அல்ஹுஜுராத் 11, 12ஆம் வசனங்கள் தடுக்கும் பரிகாசம், பட்டப்பெயர், வீண் சந்தேகம், துருவி ஆராய்தல் ஆகிய நான்கும் இத்தகைய பேச்சுகளில் புகுந்துவிடுகின்றன.

‘மொட்டச்சி’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்தவளின் தலையை மழித்து மூலையில் உட்காரவைத்த பழங்காலக் கொடுமையின் மிச்சம் அது. நோயாளியை அவ்வாறு அழைப்பது, விளையாட்டுக்கு என்றாலும், ஆறாத புண்ணாகும். ஹஜ்ஜில் தலை மழித்த ஆண்களுக்காக நபியவர்கள் மூன்று முறை துஆச் செய்தார்கள். மக்காவிலிருந்து மழித்த தலையோடு வருபவரைக் கட்டித் தழுவும் நாம், மருத்துவமனையிலிருந்து அப்படி வருபவரைக் கண்டு ஏன் பார்வையைத் திருப்புகிறோம்?

நோயாளியைப் பார்க்கச் சென்றால் சிறிது நேரமே இருங்கள். துஆச் செய்யுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். தலையைப் பார்த்துப் பேசாதீர்கள். அவர் முன்பு போலவே ஆசிரியை, கடைக்காரர், அக்கா, மாமா. வழக்கமாகப் பேசும் பேச்சைப் பேசி, வழக்கமாக அழைக்கும் விசேஷத்துக்கு அழையுங்கள். மருந்து எடுத்த முடியை அல்லாஹ் நாடினால் சில மாதங்களில் திருப்பித் தருவான். நம் நாவும் கண்ணும் விரட்டிய மனிதர் மீண்டும் சபைக்கு வர அதைவிட நெடுங்காலமாகும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், நமக்கு நல்ல நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.