நெட் மேலிருந்து வரவில்லை, தம்பி

திருவொற்றியூர்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தாவின் முழங்கால் வலி குறைந்ததா? விசாரித்ததாகச் சொல்.

போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அங்கேயே இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. "சார், நெட் எல்லாம் டவர்லேர்ந்து சாட்டிலைட்டுக்குப் போய்தானே அமெரிக்கா போகுது? நம்ம ஏரியாவுல என்ன சார் டெக்னாலஜி இருக்கு, எல்லாம் ஓ.எம்.ஆர்.லதானே?" என்று கேட்டிருந்தாய். பார்வைக்கு இரண்டு கேள்வி. அடியில் இருக்கும் தப்பெண்ணம் ஒன்றுதான்: இணையத்துக்கு எடையே கிடையாது, அது எங்கோ ஆகாயத்திலும் கண்ணாடிக் கட்டடங்களிலும் நடக்கிற சமாசாரம் என்ற எண்ணம்.

காசிமேட்டில் பிறந்து வளர்ந்து, கம்ப்யூட்டர் டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கிற பையன் இதைக் கேட்டதில்தான் எனக்கு எரிச்சல். உன்மேல் இல்லை, உனக்கு நெட்வொர்க் பாடம் நடத்தியவர்கள்மேல். நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகளையும் வரிசை மாறாமல் ஒப்பிக்க வைத்தார்கள். முதல் அடுக்கான கம்பியும் கண்ணாடி இழையும் எந்த மண்ணில், எந்தக் கடலில் கிடக்கின்றன என்று ஒருவரும் காட்டவில்லை. ஐ.பி. முகவரி, ரௌட்டர், சர்வர் எல்லாம் உனக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு நேரே கணக்குக்கு வருகிறேன்.

ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் தொலைத்தொடர்பு சாட்டிலைட், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. சிக்னல் ஏறி இறங்கினால் 72,000 கி.மீ. ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடிக் கேபிள் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்வர 32 மில்லி விநாடி போதும். சிங்கப்பூரில் இருக்கும் ஏதாவது ஒரு சர்வருக்கு பிங் போட்டுப் பார். நாற்பதை ஒட்டி எண் வந்தால் உன் கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. சாட்டிலைட் வழியாகப் போயிருந்தால் ஐந்நூறுக்குக் குறையாது.

"இப்போ 550 கிலோமீட்டர் உயரத்துல சின்னச் சின்னச் சாட்டிலைட் வந்துடுச்சே சார்" என்பாய். வந்திருக்கிறது. தாமதமும் குறைவுதான். நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கும் மலைக்கிராமத்துக்கும் அது நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் 95 சதவீதத்துக்கு மேல் இன்றைக்கும் கடலடிக் கேபிளில்தான் போகிறது. இன்னொன்றும் தெரிந்துகொள். நீ ராத்திரி கண் விழித்துப் பார்க்கிற வீடியோவில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருவதே இல்லை. நிறையப் பேர் பார்ப்பதை நகல் எடுத்து, பக்கத்து ஊர் டேட்டா சென்டரிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்த நகல் இங்கே வந்து சேருவதற்கும் கேபிள் வேண்டும்.

இதற்கெல்லாம் நான் எப்போதும் காட்டும் சாட்சி அந்தமான். நம் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி அங்கே போய்வந்த குடும்பங்கள் ராயபுரத்தில் எத்தனையோ. கப்பலில் போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ 60 மணி நேரம். அந்தத் தீவுகளுக்கு நீண்ட காலம் இணையம் சாட்டிலைட் வழியாகத்தான் போனது. நீ கற்பனை செய்கிற ஏற்பாடு அங்கே நிஜமாகவே இருந்தது! விளைவு என்ன? வேகம் குறைவு, விலை அதிகம், ஊரே பங்கு போட்டுக்கொள்ளக் கொஞ்சம்போல் அலைவரிசை. பிறகு சுமார் 1,224 கோடி ரூபாய் செலவில், தீவுகளுக்குள் போகும் கிளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்துக்குச் சென்னையிலிருந்து கேபிள் போட்டார்கள். 2018 டிசம்பரில் போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறந்தார்கள். போர்ட் பிளேர், ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் என்று வரிசையாகத் தீவுகளைத் தொடுகிறது. சாட்டிலைட்டே போதுமென்றால் ஒரு அரசாங்கம் கடலுக்கடியில் இத்தனை கோடியைக் கொண்டுபோய்ப் போடுமா? யாராவது உன்னிடம் சாட்டிலைட் பெருமை பேசினால் அந்தமானைக் கேட்கச் சொல்.

இந்த இடத்தில் ஆர்தர் கிளார்க்கைப் பற்றிச் சொல்லாமல் எனக்குக் கடிதம் நகராது. பூமியோடு சேர்ந்து சுற்றும் சாட்டிலைட்டுகளைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945-இல் கட்டுரை எழுதியவர் அவர். அது எல்லோருக்கும் தெரியும். அதே மனிதர் 1958-இல், அட்லாண்டிக் கடலுக்கடியில் தந்திக் கேபிள் போட்ட கதையை ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். அது யாருக்கும் தெரியாது. 1956-லிருந்து சாகும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தார், கடலில் முக்குளித்தார், திருகோணமலையில் கோணேசர் கோயில் இடிபாடுகளைக் கடலுக்கடியில் பார்த்து எழுதினார். வானத்தைப் பற்றிக் கனவு கண்டவருக்குக் கடலின் அடித்தரையும் தெரிந்திருந்தது. நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் கேள்வித்தாளில் வைத்துக்கொண்டார்கள். நூலகத்தில் கிடைத்தால் படி. ஆங்கிலம் கடினமாக இருக்காது.

தந்தி என்றதும் நினைவு வருகிறது. சென்னைக்குக் கடலடிக் கேபிள் புதிது என்று நினைத்துவிடாதே. 1870-இல் மதராஸிலிருந்து பினாங்குக்குத் தந்திக் கேபிள் போட்டு, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சிங்கப்பூரையும் இணைத்தார்கள். அப்போது கண்ணாடி இழை கிடையாது. செப்புக் கம்பிக்கு மேல் மலாய்க் காட்டு மரப்பால் பூச்சு. 2002-இல் சிங்கப்பூருக்கு ஐ2ஐ, 2004-இல் டாடாவின் கேபிள், 2005-இல் பிரான்ஸ்வரை போகும் சீ-மீ-வீ 4 எல்லாம் பழைய அந்தத் தடத்தின் வாரிசுகள். 2022 முடிவில் இந்தியாவில் 17 சர்வதேசக் கேபிள்கள் 14 நிலையங்களில் கரையேறின. எந்தெந்த ஊர்களில் தெரியுமா? மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம். அவ்வளவுதான். நூற்று நாற்பது கோடிப் பேரின் வெளிநாட்டுத் தொடர்புக்கு வாசல் ஐந்தே ஊர்களில். அதில் ஒன்றில் குடியிருந்துகொண்டு "இங்கே என்ன இருக்கு" என்கிறாய்!

கேபிளைக் கையில் பிடித்தால் ஏமாந்துபோவாய். ஆழ்கடலில் கிடப்பது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப் பருமன்தான் இருக்கும். நடுவே முடி போன்ற சில ஜோடி இழைகள், சுற்றிலும் இரும்புக் கம்பி, செப்புக் குழல், அதன்மேல் பிளாஸ்டிக் உறை. 60 முதல் 100 கி.மீ.க்கு ஒருமுறை, சோர்ந்துபோன ஒளியைத் தூக்கிவிடும் கருவி ஒன்று. அதற்கு மின்சாரம் கரையிலிருந்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டில், அந்தச் செப்பு வழியாகவே போகிறது. கரை நெருங்க நெருங்க மேலும் இரும்புக் கம்பிகள் சுற்றிப் பருமனைக் கூட்டுவார்கள். ஏனென்றால் ஆபத்து முழுக்க அங்கேதான். உலகம் முழுவதும் வருஷத்துக்கு 150 முதல் 200 பழுதுகள். சுறா கடித்தது, சதிகாரன் வெட்டினான் என்று செய்தியில் வரும். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கப்பல் நங்கூரமும் மீன்பிடி வலையும்தான்.

இதை உன் தாத்தாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் புரியவைத்திருப்பார். எங்கே சேறு, எங்கே பாறைப் பார், எத்தனை பாகம் ஆழம் என்பது அவருக்கு மனப்பாடம். விசைப்படகின் இழுவை மடியை விரித்துப் பிடிக்கும் பலகைகள் தரையைச் சீவிக்கொண்டே போகும். வழியில் கேபிள் கிடந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அவருக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கடலடிக் கேபிளைக் காப்பாற்றுவதற்காகத் தன் நங்கூரத்தையோ வலையையோ அறுத்துவிட்ட கப்பல்காரர், முன்கூட்டியே எச்சரிக்கையாக இருந்தார் என்றால், அவருக்குக் கேபிள் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். 1884-இல் பாரிஸில் செய்த ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 115-ஆம் பிரிவும், இதற்கான சட்டத்தை ஒவ்வொரு நாடும் இயற்ற வேண்டும் என்கிறது. இந்தியா 1995-இல் அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. இதை அச்சடித்து மீன்பிடித் துறைமுகத்தில் ஒட்டிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

இனி என் நெடுநாள் வாதம். என் மனைவி இதைக் கேட்டால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். நீ கடைசிவரை படி. அந்தமான் கேபிள் கரையேறும் இடம் சாந்தோம். ஏன் திருவொற்றியூர் இல்லை? மணல்தான் காரணம் என்பேன். நம் கடற்கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1875-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டித் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றை நொறுக்கியது. மறுபடி கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் நின்றுபோனது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. இன்று நமக்கு மிஞ்சியவை கருங்கல் சுவரும் தூண்டில் வளைவுகளும். கேபிள் கரையேற அசையாத மணற்கரை வேண்டும். அது தெற்கே இருக்கிறது, நம் மணலை வைத்துக்கொண்டு! நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைத் தவிர்க்கத்தான் துறைமுகத்தை விட்டு விலகிப் போகிறார்கள் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். சரி, அதுவும் ஒரு காரணம். அந்தக் கப்பல்களும் யார் வீட்டு வாசலில் நிற்கின்றன?

சரி, மணலை விடுகிறேன். மின்சாரத்துக்கு வா. "சாஃப்ட்வேர் கம்பெனி புகையில்லாத தொழில்" என்று பேருந்தில், டீக்கடையில், கல்லூரி விழா மேடையில்கூடக் கேட்டுவிட்டேன். சர்வர்கள் ராப்பகலாக ஓட வேண்டும். அவை சூடாகாமல் இருக்கக் குளிர்சாதனமும் ராப்பகலாக ஓட வேண்டும். அந்த மின்சாரம் நம் பக்கத்திலும் பிறக்கிறது: அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட், பக்கத்தில் வல்லூர் 1,500. அத்திப்பட்டு நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் 2001-இல் எண்ணூர்த் துறைமுகமே வந்தது. எரிந்த சாம்பலை நீரில் கலந்து குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலக்கும். ஆற்றில் இறால் தடவிப் பிடிப்பவர்கள் அந்தச் சேற்றில்தான் இறங்குகிறார்கள். மின்சாரம் எல்லாம் ஒரே கட்டமைப்பில் கலக்கிறது, அதில் காற்றாலையும் சூரிய சக்தியும் உண்டு. எந்த யூனிட் எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று பிரிக்க முடியாது. ஆனால் புகையில்லாத தொழில் என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. புகை வேறு பின்கோடில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, உன் இரண்டாம் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. சென்னையின் டெக்னாலஜிக்கு வேண்டிய துறைமுகம், நிலக்கரி, சாம்பல், ஷிப்ட் வேலை எல்லாம் நம் பக்கம். ஏ.சி. அறையும் சம்பளமும் ஓ.எம்.ஆர். பக்கம். இதைச் சொல்லி அழுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவன்தான் பங்கு கேட்க முடியும். கேபிள்களைப் பழுதுபார்க்க இந்தியக் கொடி பறக்கும் கப்பல்கள் வேண்டும் என்று 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்தது. கடலும் தெரிந்து நெட்வொர்க்கும் தெரிந்த பையன்கள் அந்தக் கப்பலுக்கு வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று யோசி.

இப்போது வேலை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் தளம் ஒன்றுக்கு ட்ரேஸ்ரூட் போடு. எந்த இடத்தில் மில்லி விநாடி சட்டென்று தாவுகிறது என்று குறி. பெரும்பாலும் அங்கேதான் உன் தகவல் கடலில் இறங்குகிறது. பட்டியலைத் தாத்தாவுக்கும் காட்டு, 115-ஆம் பிரிவையும் சொல். பிறகு எனக்கு எழுது. வாட்ஸ்அப்பில் வேண்டாம், தாளில், தமிழில், முழு வாக்கியமாக.

அன்புடன்,
உன் சார்