ஆட்டுக்கறியைத் தேடாதீர்கள், சுக்காவைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டன் சுக்காதான். கோவையில் கல்லூரியில் படிக்கும் மகள் போன வருடம் வீகனாக மாறிவிட்டாள். கறி, மீன், முட்டை மட்டுமில்லை; பால், தயிர், நெய் என்று எதையும் தொடுவதில்லை. முதலில் திட்டிப் பார்த்தேன், அவள் அசையவில்லை. லீவுக்கு வரும் பிள்ளைக்கு வெறும் ரசமும் பொரியலும் போட எனக்கு மனசு வரவில்லை. மீல் மேக்கரில் சுக்கா செய்தேன். ரப்பரை மென்ற மாதிரி இருந்தது. டோஃபு வாங்கினேன், பச்சை வாடை. ஆன்லைனில் வீகன் சீஸ் வரவழைத்துப் பிரெட்டில் வைத்துச் சூடு பண்ணினால் உருகவே இல்லை. விலையோ யானை விலை. என் கணவர், "இதுக்குப் பேசாம கத்தரிக்காயே சாப்பிடலாம்" என்கிறார். கறி மாதிரி, சீஸ் மாதிரி ருசியாகச் செய்ய நிஜமாகவே வழி இருக்கிறதா? இப்படியே சாப்பிட்டால் அவள் உடம்பு தாங்குமா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் கணவர் கேலியாகச் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் அடுப்படியில் ஒரு வாரம் ஆகும் சமையலை எண்ணிப் பாருங்கள். இட்லி, தோசை, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, கூட்டு, சுண்டல், துவையல், தேங்காய்ப்பால் ஆப்பம் எல்லாமே, நெய்யையும் தயிரையும் தள்ளிவிட்டால், வீகன்தான். ஆகவே மகளுக்கென்று தனி அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. உங்களுக்குச் சிக்கல் இரண்டே இடத்தில்: ஞாயிற்றுக்கிழமைக் கறியும், பால் பொருளும்.

கறி விஷயத்தில் பலரும் சறுக்குவது, கறியின் நகலைத் தேடுவதால். சுக்காவில் நாக்குக்குப் பிடிப்பது எது? வதங்கிச் சுருண்ட சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய். இவற்றில் ஒன்றுகூட ஆட்டிலிருந்து வருவதில்லை. ஆடு தருவது மூன்று: பல்லுக்கு மெல்லக் கிடைப்பது, கொழுப்பு, எலும்பும் சதையும் வெந்து இறங்கும் ஊன்சுவை. இந்த மூன்றையும் தனித்தனியாக ஈடுகட்டினால் போதும். மூன்றையும் ஒரே பொருள் தரவேண்டும் என்று எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம்.

மீல் மேக்கர்

சோயா மொச்சையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தில் பிதுக்கி எடுப்பதுதான் மீல் மேக்கர். அதனால்தான் உள்ளே அத்தனை துளை. காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம். ஆனால் கொழுப்பு துளியும் இல்லாத குறை. தனக்கென்று ருசியும் கிடையாது.

அது ரப்பராவதற்குக் காரணம் பெரும்பாலும் நனைத்துப் பிழியாததுதான். உப்பும் தட்டிய இஞ்சியும் போட்ட தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். நுரையாக வெளியேறும் அந்தத் தண்ணீரோடு வாடையும் போகும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தபின் பெரிய உருண்டைகளை இரண்டாகக் கிள்ளிக்கொள்ளுங்கள். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தயிருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். துளைகள் காலியாக இருப்பதால் மசாலா உள்ளே இறங்கும். வெந்நீரோடு அப்படியே வாணலியில் போட்டால் மசாலா புகுவதற்கு இடம் ஏது?

அடுத்ததாக, அதைத் தனியாக எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வறுத்தெடுத்துவிட்டுத்தான் மசாலாவில் சேர்க்க வேண்டும். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். கறியின் கொழுப்புக்கு அதுதான் ஈடு. ஊன்சுவைக்குத் தக்காளியை எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்குங்கள். கூடவே நான்கைந்து காளானைப் பொடியாக நறுக்கிக் கறுக்க வதக்கிச் சேருங்கள். இரண்டிலும் குளூட்டமேட் என்னும் சுவைப்பொருள் இயல்பாகவே உண்டு. அரை ஸ்பூன் சோயா சாஸ் விட்டாலும் குற்றமில்லை.

பொடியாகக் கிடைக்கும் மீல் மேக்கர் கைமாவுக்கு ஏற்றது. சோம்பு, தேங்காய், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து, பொட்டுக்கடலை மாவில் பிடித்து உருட்டிப் பொரித்தால் கோலா உருண்டை. முட்டை இல்லாமலே உடையாமல் நிற்கும். முதல்முறை செய்கிறவர்கள் சுக்காவைவிட இதில் தொடங்குவது நல்லது. தோற்பதற்கு வாய்ப்பு குறைவு.

காளான், பலா, வாழைக்காய்

சிப்பிக்காளானைக் கத்தியில் வெட்டாமல் நரம்பு வாக்கில் கையால் கிழியுங்கள். கோழிக்கறியைப் பிய்த்த மாதிரி வரும். சோள மாவும் மிளகாய்த்தூளும் பிசறிப் பொரித்தால் 65 ஆகிவிடும். மொட்டுக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினால் வதங்காது, அவிந்து போகும். அகலமான வாணலி, நல்ல தீ, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது, உப்பைக் கடைசியில் சேர்ப்பது. இந்த நான்கும் இருந்தால் காளான் மிளகு வறுவலுக்கு எந்தக் கறியும் ஈடில்லை.

பலாமூசு கிடைக்கும் பருவத்தில் விடாதீர்கள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தால் நார் நாராகப் பிரியும். பிரியாணிக்கும் குருமாவுக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பார்க்கத்தான் கறி மாதிரி இருக்கும், புரதம் மிகக் குறைவு. அன்றைக்குப் பருப்போ கொண்டைக்கடலையோ இலையில் கூட இருக்கட்டும்.

மீன் ருசி கேட்கும் நாளில் வாழைக்காயைச் சாய்வாகத் தடித்த வில்லைகளாக நறுக்கி, மீன் வறுவல் மசாலாவையே பூசித் தோசைக்கல்லில் வறுங்கள். தட்டைப்பயற்றை ஊறவைத்து அரைத்து, ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டு, வெந்தயமும் மாங்காயும் மணக்கும் புளிக்குழம்பில் சேர்த்துச் சைவ மீன் குழம்பு வைக்கும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டுதானே? மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் விரத நாட்களில் இன்னும் ஒரு படி மேலே போய், சீனப் பௌத்தர்களின் சைவ மரபிலிருந்து வந்த சோயா, கோதுமைப் புரத 'மட்ட'னை நம் மசாலாவில் பிரட்டிச் சாப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட பாக்கெட்டுகள் இங்கும் விற்கின்றன. சிலவற்றில் பால் புரதமோ முட்டை வெண்கருவோ இருக்கும், உப்பும் தூக்கலாக இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு, எப்போதாவது வாங்கலாம்.

டோஃபு

டோஃபுவைப் பனீர் என்று நினைத்துச் சமைத்தால் தோல்விதான். பனீரில் கொழுப்பு அதிகம், சும்மா வாயில் போட்டாலே ருசிக்கும். டோஃபுவுக்கு நாம்தான் உப்பும் எண்ணெயும் தர வேண்டும். துணியில் சுற்றி மேலே கனமான பாத்திரம் ஒன்றை வைத்து இருபது நிமிடம் தண்ணீர் வடியவிடுங்கள். பிறகு உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டெடுத்தால் பச்சை வாடை பெரிதும் அடங்கிவிடும். இன்னொரு வழி, ஃப்ரீசரில் ஒரு ராத்திரி உறையவைத்து, மறுநாள் இளக்கிப் பிழிவது. அதன்பின் அது மசாலாவைக் குடித்துக்கொள்ளும். மெல்லுவதற்கும் பிடி கிடைக்கும்.

உதிர்த்த டோஃபுவை வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சளோடு வதக்கி, இறக்கும்போது ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு தூவுங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மத்தின் வாசனை அச்சு அசல் முட்டைப் பொடிமாஸ். உங்கள் மகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

சீஸ் ஏன் உருகவில்லை?

பால் சீஸில் கேசின் என்ற புரதம் வலைபோலப் பின்னியிருக்கிறது. சூடு பட்டதும் அந்த வலை தளர்ந்து இழுபடுகிறது. செடிகொடிகளில் கேசின் கிடையாது. அதனால் கடை வீகன் சீஸ் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும் சேர்ந்த கலவை. உருகும் குணம் பிராண்டுக்கு பிராண்டு மாறும். அதைப் புரதத்துக்காக வாங்கினால் ஏமாந்துதான் போவோம்.

வீட்டிலேயே செய்யலாம். அரை கப் முந்திரியை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப் தண்ணீர், ஒரு பல் பூண்டு, உப்பு, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் சேர்த்து வெண்ணெயாக அரையுங்கள். சேலம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் அதே ஸ்டார்ச்தான். இழுவை தருவது இதுவே. அடுப்பைச் சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் கிளறினால் சில நிமிடங்களில் பளபளவென்று திரண்டு, கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுபடும். அதைப் பிரெட்டிலோ பீட்சாவிலோ சூடாக ஊற்றிச் சுட்டெடுங்கள். நியூட்ரிஷனல் ஈஸ்ட் கிடைத்தால் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம், சீஸ் வாசம் கூடும். பேக்கரி ஈஸ்ட்டை அதற்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள்.

வெளியில் வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை. பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் அர்த்தம். உள்ளே பால் இருக்கலாம். தாவர எண்ணெயில் செய்த மலிவு விலை சீஸில்கூட கேசின் கலந்திருப்பதுண்டு. மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட் என்ற பெயர்களை லேபிளில் தேடுங்கள். வீகன் உணவுக்கென்று 2022-ல் தனி விதிமுறையே வந்து, அதற்கு ஒரு முத்திரையும் இருக்கிறது.

தயிருக்கு வேர்க்கடலை கைகொடுக்கும். ஒரு கப் கடலையை ராத்திரி ஊறவைத்துத் தோல் நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்புகளைக் கழுவிப் போட்டு மூடிவைத்தால் உறையும். அடுத்த முறை இந்தத் தயிரே உறை. லேசான கடலை வாசம், கடுகும் இஞ்சியும் தாளித்த தயிர்சாதத்தில் தெரியாது. நிறம் மாறினாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். காப்பிக்குச் சோயா பால் திரிந்துபோனால், பாலை மிதமாகச் சூடாக்கி, கொதிக்காத டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டுப் பாருங்கள்.

உடம்பு தாங்குமா?

பருப்பு, பயறு, கடலை, சோயா தினமும் இலையில் இருந்தால் புரதத்துக்குப் பயமில்லை. கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது; 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். எள்ளும் முருங்கைக்கீரையும் துணைக்கு உண்டு. இரும்புச்சத்து உடம்பில் சேர, கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

பி12 மட்டும் விதிவிலக்கு. செடிகொடி உணவில் நம்பத்தக்க அளவில் அது கிடையாது. சமையல் சாமர்த்தியத்தால் அதை வரவழைக்கவும் முடியாது. பழைய சோறு, இட்லி மாவு புளிப்பதில் கிடைத்துவிடும் என்று சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். குறைபாடு மெதுவாக வரும், கவனிக்காமல் விட்டால் நரம்பைப் பாதிக்கும். உங்கள் மகள் ஒரு வருடமாகப் பால்கூடக் குடிக்காதவள். இந்த லீவிலேயே டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின் பார்த்து, அவர் சொல்கிற அளவில் மாத்திரை தொடங்கிவிடுங்கள். இதில் மட்டும் தாயும் மகளும் சமரசம் செய்துகொள்ளவே கூடாது.

கடைசியாக ஒரு யோசனை. அடுத்த ஞாயிறு சுக்கா மசாலாவை ஒரே வாணலியில் நல்லெண்ணெயில் வதக்கி எடுத்து, கறி சேர்ப்பதற்கு முன்பே பாதியைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். ஒன்றில் வெந்த ஆட்டுக்கறி, இன்னொன்றில் வறுத்த மீல் மேக்கரும் காளானும். கரண்டி மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். "மட்டன் மாதிரி இருக்கா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள்.