பொங்கலுக்கு நாலு நாள், சுவரில் நாலு தாள்

பொங்கல் வந்தால் தாம்பரம் என்று டி.வி.யில் காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்புகிறவர்களின் கூட்டம். அந்தக் கூட்டத்தில் சேராதவர்களும் இங்கே நிறையப் பேர். சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் முடிச்சூரிலும் மனை வாங்கி, கிணறு வெட்டி, ரோடு வருவதற்கு முன்பே குடிவந்த தாத்தா பாட்டிகளுக்கு இப்போது இதுதான் சொந்த ஊர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெங்களூரிலிருந்தும் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளிலிருந்தும் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். போகியன்று வீடு கலகலவென்று இருக்கும். பொங்கல் சாப்பாடு முடிந்த மதியம் பார்த்தால் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன்.

போனைப் பிடுங்கி வைப்பதால் ஒன்றும் நடக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பதில் தினம் ஒரு தாளைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். அதில் ஒரு கேள்வி, ஒரு கடி ஜோக், வீட்டில் யாராவது ஒருவர் மனசில் பட்ட நாலு வரி. அவ்வளவுதான். அதற்கு மேல் சேர்த்தால் பள்ளிக்கூட வாசனை வந்துவிடும்.

தாளும் இடமும்

போன வருஷத்து மாதக் காலண்டர்தான் சரியான தாள். முன்பக்கம் நகைக்கடை விளம்பரம், பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. ஜனவரியில் எல்லா வீட்டிலும் சும்மா கிடக்கும். போகிக்கு முந்தின நாளே எடுத்து மறைத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழையது என்று யாராவது நெருப்பில் போட்டுவிடுவார்கள். நோட்டுப் புத்தகத் தாள் வேண்டாம். போகிற வருகிறவர்கள் நின்றபடியே படிக்க வேண்டும், ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்க வேண்டும். ஒட்டும் இடம் சாப்பிடும்போது எதிரே தெரிகிற சுவர், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் கதவு. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மேலே தினசரி காலண்டர் மாதிரி தேதி பெரிதாக இருக்கட்டும். இடம் மிச்சமிருந்தால் வீட்டு ராசிபலன் எழுதலாம். 'ரிஷபம், சின்ன மாமா: தேங்காய் உரிக்கக் கூப்பிடுவார்கள், மாடிக்குப் போவது நலம். கன்னி, அத்தை: சிலிண்டர் தீரும் யோகம்.' என் அனுபவத்தில் முதலில் படிக்கப்படுவது இந்த மூலைதான்.

கேள்வி காலைக் காபிக்கு முன் ஒட்டப்பட வேண்டும். பதில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நடுவே நாள் முழுக்க ஓடுகிற வாக்குவாதம்தான் நமக்கு வேண்டியது. பதிலைச் சீக்கிரம் சொல்லிவிட்டால் மதியமே எல்லோரும் போனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

யாருக்கு என்ன வேலை

எழுதுகிற வேலையைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். தமிழில் எழுத அதற்கு வேறு வாய்ப்பே இருக்காது. எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். றகரமும் ரகரமும் இடம் மாறினால் உலகம் முடிந்துவிடாது. தாத்தா மட்டும் இரண்டு நிமிஷம் புலம்புவார், அது நிகழ்ச்சியில் சேர்த்திதான்.

ஒவ்வொரு குடும்பத்திலும் எல்லாம் தெரிந்த பெரியப்பா ஒருவர் உண்டு. அவரைப் போட்டியில் விட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாது. அவரையே கேள்வி போடுகிறவர் ஆக்கிவிடுங்கள். கேள்வி போடுகிறவர் பதில் சொல்லக்கூடாது என்பது சட்டம். கௌரவமும் போகாது, மற்றவர்களுக்கும் வழி விட்டது போலிருக்கும். புது மாப்பிள்ளையோ புது மருமகளோ வந்திருந்தால் முதல் நாளே மேடையேற்றாதீர்கள். அன்று அவர்கள் நடுவராக இருக்கட்டும்.

கேள்வி போடுவது எப்படி

இங்கேதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 'பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் யார்?' என்று கேட்டால் அது பரீட்சை. தெரிந்த ஒரு பிள்ளை சொல்லும், மற்றவை நழுவிவிடும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'ஆதிமனிதன் செதுக்கிய கல் இதுதான் என்று இந்தியாவிலேயே முதன்முதலாக ஒருவர் அடையாளம் கண்ட இடம், நம்ம ஸ்டேஷனிலிருந்து மூணாவது ஸ்டேஷன் பக்கம். எது?' இப்போது எல்லோரும் விரலை மடக்குவார்கள்: சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். இரவு பதில் சொல்லும்போது கதையைச் சேர்த்துக்கொள்ளலாம். நில ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30-ஆம் தேதி அந்தக் கல்லை எடுத்தார். அவர் பின்னாளில் சேர்த்த கற்கருவிகளில் பெரும் பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பதிலுக்கு வீட்டிலிருந்து ஒரு வழி இருக்க வேண்டும். நான் கேள்வியைத் தேர்ந்தெடுக்க வைத்திருக்கிற சோதனை இது ஒன்றுதான். ஜி.எஸ்.டி. ரோட்டையும் ரயில் பாதையையும் ஒட்டியே அப்படிப்பட்ட சங்கதிகள் வேண்டுமளவு கிடக்கின்றன. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் இருப்பது என்ன கல்? பரங்கிமலையிலும் பல்லாவரத்து மலையிலும் இருக்கிற அதே வகைப் பாறை. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் அதற்கு அவர் பெயரையே வைத்துச் சார்னோகைட் என்றார். எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்ட நில அளவை எங்கே தொடங்கியது? 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அளந்த அடிக்கோட்டில். ஆண்டுக்கு எத்தனை நாளோ ஏறக்குறைய அத்தனை ஏக்கர் உள்ள வளாகம் நம் பக்கத்தில் எது? 1937-ல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறித்துவக் கல்லூரி.

சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் கேள்வி தேவையில்லை. தாம்பரம் முதல் கடற்கரை வரை 18 ஸ்டேஷன்களையும் மூச்சு விடாமல் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் மூன்றும் பெரியவர்களுக்கே முன்னும் பின்னுமாக வரும். தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான், 1931-ல். அதுவும் மீட்டர் கேஜில். இந்தத் தகவலைப் பெரியப்பா சொல்லட்டும். குறுகலான அந்தப் பெட்டியில் தொங்கிக்கொண்டு பாரிமுனைக்கு வேலைக்குப் போன கதையைத் தாத்தா சொல்லட்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்கிற கேள்வி ஒரு நாளாவது இருக்க வேண்டும். பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் பக்கத்து வீடுகளுக்கு இது சுலபம்: மொட்டை மாடியில் கால் மணி நேரம் நின்று எத்தனை விமானம் இறங்கியது என்று எண்ணுவது. போகி காலையில் மட்டும் இந்தக் கேள்வியைப் போடாதீர்கள். புகையில் விமானமும் தெரியாது, பக்கத்து வீடும் தெரியாது.

இன்னொன்று, வீட்டு ஆல்பத்திலிருந்து. தெருவில் நின்று எடுத்த பழைய போட்டோ ஒன்றைத் தாளில் ஒட்டுங்கள். அதே இடத்தில் இன்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் வருமே, ஆறு வித்தியாசம், அதுதான். ஆறோடு நிற்காது. பனைமரம் எங்கே, எதிர் வீட்டுக் கிணறு எங்கே, அந்த வேலி யாருடையது என்று பாட்டி தொடங்கினால் சாயங்காலம் வரை போகும்.

ஒரே ஒரு தடை: வாட்ஸ்அப்பில் வந்த தகவல் எதுவும் கேள்வியாகக் கூடாது. 'யுனெஸ்கோ அறிவித்தது' என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்கு அன்றைய பாத்திரம் கழுவும் வேலை.

கடி

நகைச்சுவை நன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மட்டமான கடிக்குத்தான் வீடே ஒன்றுசேர்ந்து கத்தும். ஊர்ப் பெயரை வைத்துச் சொந்தமாகச் செய்யச் சொல்லுங்கள். மாதிரிக்குச் சில.

'ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்து போனால் வரி உண்டா?' 'உண்டு. பின்னால் வருகிற பஸ் டிரைவர் ரெண்டு வரி திட்டுவார்.'

'பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பொருள் எது?' 'அடுத்த வாரம் வாங்கிக்கலாம்னு போன வாரம் விட்டுட்டு வந்தது.'

'சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏன் நிக்குது?' 'நல்ல காத்து வாங்கத்தான்.'

கடைசி ஜோக்குக்குப் பிள்ளைகள் சிரிக்காது. அப்போதுதான் சொல்ல வேண்டும்: காசநோய்க்கு மருந்து வருவதற்கு முன், சுத்தமான காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும்தான் வைத்தியம். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் அதற்காகத் தொடங்கிய மருத்துவமனையின் பெயர்தான் ஸ்டேஷனுக்கு நின்றுவிட்டது. விளக்கம் கேட்கப்பட்ட ஜோக்கை மறுநாள் கேள்வியாக்கிவிடலாம், ஒரு வேலை மிச்சம்.

எதைத் தொடக்கூடாது என்பதையும் முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். வீட்டில் இருப்பவர் உடம்பு, நிறம், மார்க், சம்பளம், கல்யாணம் எப்போது என்பது, குழந்தை எப்போது என்பது. இவற்றை எடுத்தால் ஜோக் கிழிக்கப்படும். 'சும்மா தமாஷுக்குச் சொன்னேன்' என்பது செல்லாது. இந்தப் பட்டியலைக் கண்டிப்பாக வைத்தால்தான் இருபத்தேழு வயதுப் பெண் அடுத்த வருஷமும் லீவுக்கு வருவாள்.

மனசில் பட்டது

'பழைய கதை ஏதாவது சொல்லுங்க பாட்டி' என்றால் வராது. 'என்னத்தச் சொல்ல' என்று அடுப்படிக்குப் போய்விடுவார். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். இந்த வீட்டுக்கு முதல் செங்கல் எங்கிருந்து வந்தது? குடிவந்த புதிதில் குடிக்கத் தண்ணீர் யார் வீட்டில் எடுத்தீர்கள்? ராத்திரி கடைசி ரயிலில் வந்தால் ஸ்டேஷனிலிருந்து எப்படி வீட்டுக்கு வந்தீர்கள், வழியில் விளக்கு இருந்ததா? இப்படிக் கேட்டால் பதில் தானாக வரும், கேட்டதைவிட நாலு மடங்கு.

மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களிடம் கேட்க ஒன்று தயாராக இருக்கிறது: 2015-ல் தண்ணீர் எது வரை வந்தது? டிசம்பர் 1-ஆம் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அந்த எண்ணைத் தாளில் எழுதிவிட்டு, ஒவ்வொருவரும் அன்று எங்கே இருந்தார்கள் என்று ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். அப்போது பிறக்காத பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டியதுதான். அவர்கள் தலைக்கு மேலே இருக்கும்.

சொல்கிறவர் பேச்சு எப்படியோ அப்படியே எழுதுங்கள். 'வந்தோம்' என்பதை 'வருகை தந்தோம்' ஆக்கினால் பாட்டி போய்விடுவார், பாடப்புத்தகம் வந்துவிடும். இறந்துபோனவர் பேச்சு வந்து குரல் தடுமாறினால் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். அன்றைக்கு அந்த இடம் காலியாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

போய்ப் பார்ப்பது

நாலு நாளில் ஒரு பதிலையாவது நேரில் போய்ச் சரிபாருங்கள். காணும் பொங்கலன்று எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வண்டலூர் பூங்கா. அன்று அங்கே புலியைவிட மனிதத் தலைகளைத்தான் அதிகம் பார்க்க முடியும். பூங்காவை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் என் முதல் சிபாரிசு. 'கருவறையின் பின்பக்கம் எந்த மிருகத்தின் முதுகு மாதிரி இருக்கிறது?' என்று காலையிலேயே கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். சுற்றி வந்து பிள்ளைகளே யானை என்பார்கள். தூங்கானை மாடம் என்ற பெயரை அப்புறம் சொன்னால் போதும். படி ஏறத் தெம்பிருந்தால் திருநீர்மலை. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நாலு கோலத்திலும் பெருமாளைத் தேடுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு, பாட்டிக்குச் சேவை. கீழே எந்தக் கோலம், மலை மேல் எவை என்பதே அன்றைய கேள்வி.

பரிசும் மிச்சமும்

பணமாகக் கொடுக்காதீர்கள், கணக்கு வரும், சண்டை வரும். ஜெயித்தவருக்குக் கரும்பின் அடித்துண்டு. தோற்றவர்களுக்கு நுனி. இதற்கே போதுமான போட்டி இருக்கும்.

ஊருக்குக் கிளம்புமுன் நாலு தாளின் பின்னாலும் வருஷத்தையும் அன்று வீட்டில் இருந்தவர்கள் பெயரையும் எழுதி, மடிக்காமல் சுருட்டி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவில் வையுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள், கரையான் உள்ள ஊர். அடுத்த பொங்கலுக்கு யார் எழுதுவது, யார் கேள்வி போடுவது என்று கடைசித் தாளின் அடியிலேயே பெயர் போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பெரியப்பா தனக்கே வேண்டும் என்பார். சுழற்சி முறை என்று சொல்லிவிடுங்கள்.