ஏழையின் உணவுச் செலவை எடைபோடுதல்

ஏழை மக்கள் உணவுக்குப் பணம் செலவிடும் முறையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவரைக் காண்பது அரிது. பாலை விட்டுத் தேநீர் குடிக்கிறார்கள். பருப்பை விட்டு உருளைக்கிழங்கு வாங்குகிறார்கள். மாத மளிகையை மொத்தமாக வாங்காமல் நாள்தோறும் சில்லறையாக வாங்கிக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். போதாக்குறைக்குக் குழந்தையின் கையில் பிஸ்கட் பொட்டலம்! இவற்றை நம் விடுதியின் உணவுக்கூடத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம்மில் பலர் சொல்லியும் இருக்கிறோம். நானோ சொன்னதோடு நில்லாமல் எழுதியும் கொடுத்துவிட்டேன். இக்கட்டுரை அந்தப் பிழையிலிருந்து பிறந்தது.

சென்ற ஆண்டு எங்கள் விடுதிக்குப் பின்புறம் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்களிற் பலர் புந்தேல்கண்டுப் பகுதியிலிருந்து தில்லிக்கு வந்த குடும்பத்தினர். வகுப்புப் பயிற்சிக்காக அவர்களுள் ஒரு குடும்பத்தின் ஒரு வார உணவுச் செலவைக் கேட்டு எழுதினேன். கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள். கணவனும் மனைவியும் வேலை செய்பவர்கள். பட்டியலின் அடியில், “இக்குடும்பம் இதே பணத்தில் இதைவிடச் சத்துள்ள உணவை உண்ணலாம்” என்று முடிவு கட்டினேன். உருளைக்கிழங்குக்குப் பதில் கொண்டைக்கடலை, பிஸ்கட்டுக்குப் பதில் வாழைப்பழம் என்று ஒரு புதுப் பட்டியலையும் இணைத்தேன். தவறான செலவுகள் என எனக்குத் தோன்றியவற்றைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தேன். பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதித் தாளைத் திருப்பித் தந்தார்: “அடுப்பு எங்கே?”

அடுப்புக்குப் போகுமுன், இத்துறையில் நமக்கு முன்னே எடைபோட்டவர்களைச் சிறிது பார்த்தல் நலம்.

வருமானம் குறையக் குறைய, அதில் உணவு விழுங்கும் பங்கு கூடும் என்பதை 1857இல் சாக்சனி நாட்டுப் புள்ளியியலறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் எடுத்துக்காட்டினார். பெல்சியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளே அவருக்குச் சான்றாயின. நம் நாட்டிலும் இவ்விதி பொய்க்கவில்லை. 1999-2000இல் இந்தியச் சிற்றூர்க் குடும்பத்தின் செலவில் உணவின் பங்கு நூற்றுக்கு 59 ஆக இருந்தது. 2022-23ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் அது 46 ஆகக் குறைந்திருந்தது. நகரத்தில் அதே ஆண்டு 39. எங்கெல் சொன்னது இவ்வளவே. எதை வாங்கினால் அறிவுடைமை, எதை வாங்கினால் அறியாமை என்று அவர் விதி சொல்லவில்லை. அதைச் சொல்ல முற்பட்டவர்கள் வேறு.

அவர்களுள் ஒருவரைத் தமிழர் மறத்தலாகாது. 1877ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது, வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாக வந்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று அவர் தீர்மானித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் மறுத்தார். சில வாரங்களிற் படி ஒன்றேகால் பவுண்டாக உயர்ந்தது. சிறிது பருப்பும் சேர்ந்தது. இடைப்பட்ட வாரங்களில் மண் சுமந்தவர்கள் டெம்பிள் படியைத் தின்றே சுமந்தார்கள். அளந்தவர் அதைத் தின்று பார்த்தவரல்லர்.

இங்கிலாந்தில் யார்க் நகரத்து வறுமையை 1899இல் ஆராய்ந்த சீபோம் ரவுன்ட்ரி வேறு வகையினர். அவர் வகுத்த குறைந்தபட்ச உணவில் புதிய இறைச்சியே இல்லை. அவர் வகுத்த குறைந்தபட்ச வாழ்க்கையில் செய்தித்தாளுக்கோ கடிதத்துக்கோ புகையிலைக்கோ குழந்தையின் மிட்டாய்க்கோ காசு இல்லை. இத்தனை கடுமையான அளவுகோலின்படியும் நகர மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு வருமானம் போதவில்லை என்று காட்டினார். அளவுகோலைக் கடுமையாக்கியது, ஊதாரித்தனத்தால் வந்த வறுமை என்று எவரும் வாய் திறவாதிருத்தற்கே. ஆயினும் ஏழைகள் இப்படித்தான் வாழ வேண்டும் என்று அவர் சொன்னதாகவே சிலர் படித்துக்கொண்டார்கள். பின்னர் 1936இல் மீண்டும் யார்க்கை ஆராய்ந்தபோது, வானொலிக்கும் செய்தித்தாளுக்கும் இடம் தரும் தாராளமான அளவுகோலையே அவர் கைக்கொண்டார்.

நம் நாட்டில் 1979ஆம் ஆண்டு திட்டக் குழுவின் வல்லுநர் குழு, சிற்றூரில் ஆளுக்கு 2400 கலோரி, நகரில் 2100 கலோரி என்று வரையறுத்தது. கலோரி வேண்டியதே. ஆனால் கலோரி தானாக வெந்து தட்டில் விழுவதில்லை. பேராசிரியரின் கேள்வி அங்கேதான் வந்து நிற்கிறது.

அந்தக் குடும்பத்தின் அடுப்பு மூன்று செங்கல். எரிபொருள், கட்டடத்திற் கழித்துப் போட்ட பலகைத் துண்டு. அந்த அம்மாள் செங்கல் சுமந்து இறங்கும்போது மாலை ஆறு மணி தாண்டிவிடும். தண்ணீர் பிடித்து அடுப்புப் பற்றவைக்க ஏழு. ஊறவைத்த கொண்டைக்கடலையும் குக்கர் இல்லாத பாத்திரத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கேட்கும். உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டால் இருபது நிமிடம். நான் மறுபடி போய்க் கடலையைப் பற்றிக் கேட்டபோது, “அது வேகிற வரைக்கும் பிள்ளை விழித்திருக்காது, பையா” என்றார். பருப்பை இரவே ஆக்கி மறுநாள் பகலுக்கு வைக்கலாமே என்றேன். மே மாதத்துத் தில்லியில், தகரக் கூரையின் கீழ், பருப்பு காலைக்குள் புளித்து நுரைத்துவிடும் என்பதை எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ரொட்டி கெடாது, வெங்காயமும் பச்சை மிளகாயும் கெடா. ஆகவே அவர்களுடைய பகலுணவு ரொட்டி, வெங்காயம், மிளகாய். நான் அதைச் ‘சத்துக்குறைவு’ என்று வட்டம் போட்டிருந்தேன். சத்துக்குறைவு உண்மைதான், காரணத்தை மட்டும் தவறான இடத்திற் தேடியிருந்தேன்.

இனிப் பிஸ்கட். கணக்கிற்காக ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் ஐம்பது கிராம் எனக் கொள்வோம். ஏறத்தாழ 225 கலோரி. ஐந்து ரூபாய்க்கு ஒரு வாழைப்பழம் எனக் கொண்டால் 100 கலோரி. பிஸ்கட்டைச் சமைக்க வேண்டா. அது கெடாது, நசுங்காது. இரண்டு குழந்தைகளுக்கு எண்ணிப் பங்கிடலாம். வேலை நேரத்தில் மணற்குவியலருகே அழும் குழந்தைக்கு உடனே கொடுக்கலாம். மைதாவும் சர்க்கரையும் எண்ணெயுமான அந்தப் பண்டம் வளரும் குழந்தைக்கு நல்ல உணவன்று; இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ரூபாய்க்கு இத்தனை கலோரி என்று கணக்குப் போடுகிற நாம், அதே கணக்கு பிஸ்கட்டுக்குச் சாதகமாக வரும்போது மட்டும் அறியாமை என்று பேசுவது முறையாகாது.

சில்லறைக் கொள்முதலைப் பற்றி எல்லாரும் சொல்லும் குற்றச்சாட்டு கணக்களவிற் சரியே. எண்ணெய் லிட்டர் 150 ரூபாய் என்றும், கால் லிட்டர் 50 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், நான்கு முறை வாங்குபவர் 50 ரூபாய் இழக்கிறார். இழக்காமலிருக்க என்ன வேண்டும்? ஒரே நாளிற் கையில் 150 ரூபாய் வேண்டும். இத்தொழிலில் ஒப்பந்தக்காரர் கூலி முழுவதையும் வாரந்தோறும் கொடுத்துவிடுவதில்லை; ‘கர்ச்சி’ என்று வாரச் செலவுக்குச் சிறிது தருவார்; மிச்சம் வேலை முடியும்போது கணக்குத் தீர்க்கப்படும். கர்ச்சியில் மாவு, காய், மருந்து, கைப்பேசி எல்லாம் அடங்க வேண்டும். மொத்தமாக வாங்கும் மலிவு என்பது, மொத்தமாகப் பணம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் வட்டி. அவரிடம் சேரவேண்டிய மொத்தப் பணம் ஒப்பந்தக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கிறது! வீட்டுப் பணம் வந்த முதல் வாரம் கமலா நகர்க் கடைகளில் உண்டு களித்து, மாதக் கடைசியில் தேநீர்க் கடையில் கடன் சொல்லும் நம்மை இந்த இடத்தில் யாரும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் நண்பர்கள் கவனிக்கலாம்.

அப்படியானால் ஏழையின் செலவெல்லாம் குற்றமற்றதா? அப்படிச் சொல்லுவதும் ஒருவகைச் சோம்பலே. 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களுள் இருவரான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2007இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, உதயப்பூர் மாவட்டத்து ஏழைக் குடும்பங்களைப் பற்றி இரண்டு செய்திகளைத் தருகிறது. மது, புகையிலை, விழா இவற்றுக்குப் போகும் பணத்தைத் திருப்பினால் உணவுச் செலவை நூற்றுக்கு முப்பது வரை உயர்த்தலாம் என்பது ஒன்று. அதே மக்களில் நூற்றுக்கு 37 குடும்பங்களின் பெரியவர்கள் அந்த ஆண்டில் ஒரு நாளேனும் முழுப் பட்டினி கிடந்தார்கள் என்பது மற்றொன்று. முதற் செய்தியை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

விழாச் செலவை நான் குறை சொல்லத் துணியேன். கல்யாணத்திற்கு வந்து உண்டவன்தான் காய்ச்சலில் கிடக்கும்போது நூறு ரூபாய் கைமாற்றுத் தருகிறான்; காப்பீடு இல்லாதவர்க்கு அதுவே காப்பீடு. மது வேறு. அங்கே செலவு செய்பவன் ஒருவன், உணவை இழப்பவர் வேறு சிலர். ‘குடும்பம் செலவிடுகிறது’ என்று எழுதும்போதே நாம் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறோம். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 பேருக்கு. இதற்கு உணவு மட்டுமே காரணமன்று. மாதவிடாயும் மகப்பேறும் உண்டு. ஆயினும் ஒரே சட்டியிலிருந்து உண்பவர்கள் ஒரே அளவு உண்பதில்லை என்பதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். என் பட்டியலில் என்ன வாங்கினார்கள் என்ற பத்தி இருந்தது. யார் கடைசியாக உண்டார், சட்டியில் அப்போது என்ன மிஞ்சியிருந்தது என்ற பத்தி இல்லை. ஏழைக் குடும்பத்தை எடைபோட உண்மையில் விரும்புவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாக, என் பட்டியலில் மிகப் பெரிய வட்டம் கோதுமை மாவைச் சுற்றி இருந்தது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் உரிமை. 2023 சனவரி முதல் அது இலவசம். நாளுக்கு ஏறத்தாழ 570 கலோரி. சிற்றூர் அளவான 2400இல் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு என்றாலும், இலவசம் இலவசமே. வேற்றூரிலும் தன் பங்கைப் பெறும் திட்டம் 2021 முதல் தில்லியிலும் நடைமுறையில் உண்டு. இவர்களோ பங்கீட்டுக் கடைப் பக்கமே போகாமல் மாவைக் கடைவிலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ‘உரிமையைப் பயன்படுத்தத் தெரியாமை’ என்று எழுதியிருந்தேன்.

அந்த அம்மாளுக்குத் திட்டம் நன்றாகத் தெரிந்திருந்தது. அட்டையில் ஏழு பெயர். மாதம் 35 கிலோ. ஊரில் இருப்பவர்கள் மாமனார், மாமியார், அங்கே பள்ளிக்குப் போகும் மூத்த மகள். ரொட்டியே முக்கிய உணவான வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால் மூவருக்கு மாதம் 36 கிலோ ஆகிறது. தில்லியில் நால்வரின் பங்கான 20 கிலோவை இங்கே வாங்கிக்கொண்டால் ஊரில் மிஞ்சுவது 15 கிலோ. பிறகு ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அதற்குக் கர்ச்சியில் இடமில்லை. “இங்கே நாங்கள் இரண்டு பேர் வேலை செய்கிறோம், அங்கே யார் செய்வது?” என்றார். வீட்டிற்கு வந்து கூட்டிப் பார்த்தேன். அவர் காகிதமின்றிச் சொன்ன கணக்கில் ஒரு கிலோதான் வித்தியாசம் வந்தது. அந்த ஒரு கிலோவை மாமியார் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்க மறுநாள் போனபோது, தளம் போடும் வேலை முடிந்து அவர்கள் வேறு இடத்திற்குப் போய்விட்டிருந்தார்கள்.