பல் சொல்லும் வயது

அரபு மொழியில் 'ஸின்' என்னும் சொல் பல்லையும் குறிக்கும், வயதையும் குறிக்கும். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து 'இரண்டு பல்', 'நான்கு பல்' எனக் கணக்கிடுவோரும், குர்பானிக்கு ஆடு வாங்குகையில் பல் விழுந்து முளைத்துள்ளதா எனப் பார்ப்போரும் இச்சொல்லின் பொருத்தத்தை நன்கறிவர். விலங்குக்குச் செய்த இச்சோதனையை மனிதனுக்கும் செய்ய வேண்டிய தேவை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுந்தது.

அங்கு 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 9 வயது நிரம்பாத சிறாரை நெசவு, நூற்பு ஆலைகளில் அமர்த்துதலைத் தடை செய்தது. ஆயின் வயதுக்குச் சான்று ஏது? அரசின் பிறப்புப் பதிவு 1837இல்தான் தொடங்கியது. வறுமையுற்ற பெற்றோர் கூலிக்காக வயதைக் கூட்டியுரைத்தனர். மருத்துவரோ உடற்கட்டையும் உயரத்தையும் நோக்கிச் சான்றளித்தனர். அவ்வாண்டிலேயே எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறாரின் வாயைச் சோதித்து, உயரத்தினும் பல்லே நம்பத்தக்கது எனும் நூலை நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைத்தார். பெற்றவர் வாய் பொய்த்தவிடத்துப் பிள்ளையின் வாய் மெய்யுரைத்தது!

இதன் காரணம் எளிது. பசியும் நோயும் எலும்பின் வளர்ச்சியைத் தடுக்கும் அளவுக்குப் பல்லின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை. ஏறத்தாழ ஆறு வயதில் பாற்பற்களுக்குப் பின்னே முதல் நிலைக் கடைவாய்ப்பல் தோன்றும். அதன் வேர்நுனி மூடிக்கொள்ள மேலும் மூன்றாண்டுகள் ஆகும். ஈறுக்கு வெளியே தெரிவதைவிடத் தாடையினுள் மறைந்திருப்பதே மிகுதியாகப் பேசும் என்பதால், இன்று எக்ஸ் கதிர்ப் படமே துணை. கனடாவின் டெமிர்ஜியன் குழுவினர் 1973இல் கீழ்த்தாடையின் இடப்புற ஏழு பற்களை எட்டு வளர்ச்சிப் படிகளாகப் பகுத்து மதிப்பிட்டனர்.

வளர்ச்சி முடிந்த பின் தேய்மானமே சான்று. சுவீடனின் குஸ்தாஃப்சன் 1950இல், பல்லின் தேய்வு, ஈறு இறக்கம், வேரின் ஒளி ஊடுருவும் தன்மை முதலிய ஆறு மாற்றங்களைக் கொண்டு வயது கணித்தார். வியப்புக்குரியது பிறிதொன்று. 1955 முதல் 1963 வரை நிலத்துக்கு மேல் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. அது உணவின் வழியே எனாமலில் படிந்தது. எனாமல் ஒருமுறை உருவானபின் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே அதன் அளவைக் கொண்டு பிறந்த ஆண்டைச் சராசரியாக 1.6 ஆண்டு வேறுபாட்டுக்குள் கூறலாம் என 2005இல் சுவீடன் ஆய்வாளர் காட்டினர். அணுகுண்டு செய்த ஒரே நன்மை இதுவோ!

எனினும், நீதிமன்றம் பெரிதும் வினவும் 18 வயதிலேதான் பல் தயங்குகிறது. மற்றவை யாவும் முழுமையுற்று, ஞானப்பல் ஒன்றே வளர்ந்துகொண்டிருக்கும் பருவம் அது. அப்பல்லோ ஒருவருக்குப் 17இல் முளைக்கும், மற்றொருவருக்கு 25இல் முளைக்கும், சிலருக்கு முளைப்பதேயில்லை. பதினேழரை வயதினனும் பத்தொன்பது வயதினனும் ஒரே நிலையிலுள்ள வேரைக் காட்டக்கூடும். முன்னவன் சிறார் நீதி வாரியத்துக்கும், பின்னவன் சிறைக்கும் உரியவன். எக்ஸ் கதிர்ச் சோதனையால் கணித்த வயதில் இருபுறமும் ஈராண்டுப் பிழை நேரலாம் என நம் உச்ச நீதிமன்றம் 1982இல் ஜெயமாலா வழக்கில் குறித்தது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் பள்ளிச் சான்றையும் பிறப்புச் சான்றையுமே முதலில் கேட்கிறது. அவை இரண்டும் இல்லாதவிடத்து மட்டுமே மருத்துவச் சோதனைக்கு இடமளிக்கிறது.